புண்பட்ட மீனும் அதன் நீரும்: மலைநாட்டுக் கடல்நீர்த் தொட்டி பற்றிய சில குறிப்புகள்

காயமுற்ற கடல்மீனொன்று கண்ணாடித் தொட்டியின் மூலையில் ஒதுங்கி உணவை மறுக்கும்போது, அதனை வளர்ப்பவர் பொதுவாக இரண்டு காரியங்களைச் செய்கின்றார். மருந்துப் போத்தலைத் திறந்து சில துளிகளைத் தொட்டியில் விடுகின்றார். அதற்கும் பயன் இல்லையெனில் மீன் ‘அடம் பிடிக்கின்றது’ என்று கூறி, உணவை மேலும் மேலும் தூவுகின்றார். இவ்விரு செயல்களுக்கும் அடிப்படையாக அமைவது ஒரே எண்ணமே. காயம் மீனின் உடலில் மட்டும் உள்ளது, பசியின்மை அதன் குணத்தில் உள்ளது என்பதே அவ்வெண்ணம். மீனின் காயத்தை அது வாழும் நீரிலிருந்தும் அது வந்த வழியிலிருந்தும் பிரித்து நோக்கவியலாது என்பதையும், அப்படிப் பிரித்து நோக்காதவிடத்தே மீன் தேறுகின்றது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வாளருக்கு மீன்தொட்டியில் என்ன வேலை என்ற வினா எழுதல் இயல்பே. எத்திசையிலும் கடற்கரை இல்லாத மாத்தளை மாவட்டத்தில், யட்டவத்தையில், ஆசிரியரான நண்பரொருவர் கடல்நீர்த் தொட்டியொன்றைப் பேணி வருகின்றார். அவர் வெளியூரிலிருந்து வாங்கிவந்த மீனொன்று வாற்செட்டை கிழிந்தும் விலாப்புறத்துச் செதில் உரிந்தும் வந்து சேர்ந்தபோது, அதனைத் தேற்றும் முயற்சியில் நாமும் சில கிழமைகள் பங்குகொண்டோம். அவ்வேளையிற் படித்தவற்றையும் கண்டவற்றையும் ஒழுங்குபடுத்த முனைந்தபோது எமக்குப் பழக்கமான ஒரு விவாதம் நினைவுக்கு வந்தது. 1843 இல் வெளிவந்த நூலொன்றில் லுட்விக் ஃபொயர்பாக், ஒரு பொருளின் சாரத்தை அதன் இருப்பிலிருந்து பிரிக்கவியலாது என்பதற்கு நீரில் இருக்கும் மீனை உதாரணமாகக் காட்டினார். 1845–46 இல் எழுதப்பட்டு 1932 இலேயே முழுமையாக அச்சேறிய ‘ஜெர்மன் கருத்தியல்’ என்னும் நூலில் மார்க்சும் எங்கெல்சும் இதற்கு மறுமொழி கூறினர். ஆற்றுமீனின் சாரம் ஆற்றுநீர் என்பதை ஒப்புக்கொண்ட அவர்கள், அந்த ஆறு ஆலைத் தொழிலுக்கு ஆட்பட்டுச் சாயக்கழிவு கலந்து நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும், அந்நீர் மீனுக்குரிய நீராக நிலைப்பதில்லை என்று வாதிட்டனர். மீனின் மீதுள்ள கரிசனையால் இதனை எழுதினார்கள் என்று கூறுவது மிகையாகும். தொழிலாளரின் வாழ்நிலையை அவர்தம் இயல்பென்று கொள்ளும் மெய்யியலை மறுப்பதே அவர்கள் கருத்து. எனினும் அவ்வுதாரணம் உதாரணமாக நில்லாது சொல்லுக்குச் சொல் உண்மையாகும் இடம் கண்ணாடித் தொட்டி எனலாம்.

முதலில் உடற்றொழிலியலை நோக்குவோம். கடல்நீரின் ஒரு கிலோகிராமில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. கடலில் வாழும் என்புமீன்களின் குருதியிலுள்ள உப்புச் செறிவோ அதன் மூன்றிலொரு பங்களவே. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் செல்வது பிரசாரண விதி. எனவே கடலின் நடுவே நீந்தும் மீன், செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் இடையறாது நீரை இழந்துகொண்டிருக்கின்றது. கடல்மீன் தாகத்தோடு வாழும் உயிரி என்று கூறினால் அதில் உயர்வுநவிற்சி எதுவுமில்லை. இழந்த நீரை ஈடுசெய்ய அது கடல்நீரைக் குடித்தாக வேண்டும் என்பதை ஹோமர் ஸ்மித் 1930 இல் விளக்கினார். குடித்த நீரோடு உட்புகும் மிகையுப்பைச் செவுளே வெளியேற்றுகின்றது என்பதை அன்செல் கீஸ் 1931 இல் நிறுவினார். உப்பை வெளியேற்றும் இவ்வேலைக்குச் சக்தி வேண்டும். மீன் அசையாது நிற்கும்போதும் இவ்வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பின்னணியில் காயம் என்ன பொருள் பெறுகின்றது? மனிதத் தோலின் வெளிப்படை இறந்த கலங்களாலானது. மீனின் மேற்றோலோ வெளி விளிம்பு வரை உயிருள்ள கலங்களாலானது. அதன் மேல் சீதப்படலம் ஒன்றே காப்பாக உள்ளது. வலைக்கயிறு உரசினாலும், கை பட்டாலும், வேறு மீன் கடித்தாலும் அப்படலம் அகன்றுவிடும். செதில் பெயர்ந்தால், செதில் வேரூன்றியிருக்கும் உட்டோலும் திறந்துவிடும். அத்திறப்பினூடாக நீர் வெளியேறுகின்றது, உப்பு உட்புகுகின்றது. ஆகவே கடல்மீனின் புண் முதலில் ஓர் ஒழுக்கு. அதன் பின்னரே அது நுண்ணுயிர்களின் வாயில். காயம்பட்ட மீன் ஏன் சோர்கின்றது என்பதற்கு இங்கேயே விடை தொடங்குகின்றது. உப்பை வெளியேற்றும் வேலை பெருகுகின்றது. அவ்வேலைக்கு வேண்டிய உணவோ உட்செல்வதில்லை.

எனினும் மீனின் உடல் தன்னைத் தானே மூடிக்கொள்ளும் ஆற்றல் வாய்ந்தது. புண்ணின் விளிம்பிலுள்ள மேற்றோற் கலங்கள் நகர்ந்து வந்து அதனை மூடுகின்றன. சிறு காயமாயின், நல்ல நீரில், ஒரு நாளளவில் மெல்லிய மூடுபடலம் உண்டாகிவிடும். உட்டோல் சீராகவும் செதில் மீளவும் கிழமைகள் செல்லும். செட்டையின் அடிப்பகுதி அழியாதிருந்தால், கிழிந்த செட்டை கதிர்களோடு மீண்டும் வளரும். வைத்தியம் என்ற பெயரில் நாம் செய்யக்கூடியது, பெரும்பாலும் இவ்வேலைக்கு இடையூறு செய்யாதிருப்பதே. மீனைப் பிடித்துப் புண்ணில் மஞ்சள் தடவலாமா என்று ஊரில் அன்போடு கேட்டவர்களும் உண்டு. மனிதப் புண்ணுக்கு உரிய அனுபவம் அது. மீனைக் கையிலெடுத்தால் எஞ்சிய சீதமும் போய்விடும் என்பதே அவர்களுக்கு நாம் சொன்ன விடை.

காயம் எங்கே உண்டாகின்றது என்பதை இனி நோக்கலாம். தொட்டியில் நாம் காணும் புண் தொட்டியில் தோன்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் வளர்க்கப்படுபவை. கடல்மீன்களோ, கோமாளிமீன் போன்ற சில நீங்கலாக, இன்றும் பெரும்பாலும் முருகைக்கற் பார்களிலிருந்து உயிரோடு பிடிக்கப்படுபவை. இவ்வணிகம் 1930களில் மிகச் சிறிய அளவில் தொடங்கிய நாடு இலங்கையே என்பது பலர் அறியாத செய்தி. 1950களில் ஹவாய், பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களிலும் அது விரிந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தைச் சார்ந்த உலகப் பேணல் கண்காணிப்பு நிலையம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி வரையான கடல்மீன்கள் வீட்டுத் தொட்டிகளுக்காக விற்கப்படுவதாக மதிப்பிட்டது. அவற்றுள் 1,471 இனங்கள் அடங்கின. கொள்வோர் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தனர். பிடிப்போர் வெப்பவலயக் கரையோரங்களில் இருந்தனர். இப்பங்கீட்டில் புதுமை எதுவுமில்லை. தேயிலைக்கும் கொக்கோவுக்கும் இதுவே வரலாறு.

இலங்கையில் இம்மீன்களைப் பிடிப்போர் சுழியோடிகள். பருவக்காற்றின் போக்கிற்கேற்ப அவர்கள் இடம்பெயர்கின்றனர்: சித்திரை முதல் புரட்டாதி வரை திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய கிழக்குக் கரை, கிழக்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தெற்கும் மேற்கும். பிலிப்பைன்சில் 1960கள் முதல் சயனைட்டு நஞ்சு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவிற்று. இலங்கையில் வலையே முதன்மையான கருவி. ஆயினும் வலையெல்லாம் தீங்கற்றதன்று. ஈயக்குண்டு கட்டிய வலையை முருகைக்கல்லின் மேற் போர்த்து, உள்ளே ஒளிந்திருக்கும் மீனைக் கோலால் கிளறி வெளியேற்றும் ‘மொக்சி வலை’ முறை மீனையும் உரசிற்று, அது ஒளிந்த கல்லையும் உடைத்தது. எமது நண்பரிடம் வந்தது இளநீல நிறச் சேர்ஜன் மீன். அவ்வினத்தின் வாலடியில் இருபுறமும் கத்திபோன்ற முள்ளொன்று உண்டு. அந்த முள் வலைக்கண்ணிற் சிக்கும், மீன் திமிறும், செட்டை கிழியும். நண்பரின் மீனிலே நாம் கண்ட புண் அத்தகையது எனவே கொள்ளத் தோன்றியது.

வலையை விடக் கொடியது அமுக்க மாற்றம். பார்மீன்கள் பலவற்றின் வாயுப்பை வெளிவழியற்றது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கடல்மட்டத்தைப் போல் இருமடங்கு, 20 மீற்றரில் மும்மடங்கு. 20 மீற்றரிலிருந்து மீனை விரைந்து மேலே கொண்டுவந்தால், பையிலுள்ள வாயு மும்மடங்காக விரிய முனைந்து உள்ளுறுப்புக்களை நெரிக்கும். படிப்படியாக, இடையிடையே நிறுத்தி மேலேற்றினால், குருதி அவ்வாயுவை உறிஞ்சிக்கொள்ள நேரம் கிடைக்கும். நேரம் என்பது கூலிக்குச் சுழியோடுபவனின் கையில் இல்லாத பொருள். எனவே ஊசியாற் குத்தி வாயுவை வெளியேற்றும் குறுக்குவழி பல நாடுகளிற் கையாளப்படுகின்றது. கைதேர்ந்தவர் செய்தால் மீன் பிழைக்கும். மற்றவர் செய்தால் உள்ளே சீழ் பிடித்து, சில நாட்களின் பின் காரணம் விளங்காது இறக்கும். இவ்விடத்து மனங்கொள்ளத்தக்க உண்மையொன்று உண்டு. மீனின் வாயுப்பையை விரிக்கும் அதே அமுக்க வீழ்ச்சி, சுழியோடியின் குருதியிலும் மூட்டுகளிலும் நைதரசன் குமிழிகளைத் தோற்றுவிக்கின்றது. வாயுச் சிலிண்டரோடு நாளுக்குப் பலமுறை மூழ்கி விரைந்து மேலேறுவோரை முடக்கும் அமுக்கநீக்க நோய் நம் கரையோரங்களில் அறியப்படாததன்று. மீனின் காயத்தைப் பற்றிப் பேசும் கைநூல்கள் பலவும் இரண்டாவது உடலைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன.

கரைசேர்ந்த மீன் அடுத்து அடையும் இடம் பொலித்தீன் பை. பொதி செய்வதற்கு முன் ஒன்றிரண்டு நாட்கள் அதனைப் பட்டினி போடுவது வணிக நடைமுறை. குடலில் உணவிருந்தால் அது பையிலேயே கழிவாகி, நீர் நஞ்சாகும் என்பதே காரணம். ஆகவே மீன் நம்மிடம் வரும்போது அதன் பட்டினி நம் தொட்டியில் தொடங்கியதன்று. கைமாறிய ஒவ்வோரிடத்திலும் அது நீண்டிருக்கின்றது. ‘உண்ண மறுக்கிறது’ என்ற தொடருக்கு முன்னால் ‘உண்ண விடப்படவில்லை’ என்ற தொடர் எழுதப்பட்டிருக்கின்றது எனலாம்.

பையைத் திறக்கும் கணமும் ஆபத்தானது. பையினுள் மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டு நீரின் பீ.எச். பெறுமானத்தைக் குறைத்துவிடும். அந்நிலையில் அங்கு திரண்டுள்ள அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியம் அயனாகவே இருக்கும். பையைத் திறந்து காற்றூட்டத் தொடங்கியதும் காபனீரொட்சைட்டு வெளியேற, பீ.எச். உயரும். பீ.எச். ஓர் அலகு உயர, நஞ்சான அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நெடுநேரம் பயணம் செய்த மீனைப் பைநீரிலேயே வைத்துத் துளித்துளியாகப் புதுநீர் விட்டு மணிக்கணக்கிற் பழக்குவது அன்பின் பெயரால் செய்யும் தீங்கு. மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்திய பின், உப்புச் செறிவு முன்னரே பைநீருக்கு ஒத்ததாக அமைக்கப்பட்ட நீருக்கு மீனை விரைந்து மாற்றுவதே நன்று. பைநீரைத் தொட்டியிற் கலத்தலாகாது.

யட்டவத்த போன்ற ஊரில் அந்த நீரை எவ்வாறு ஆக்குவது? சங்க இலக்கியம் காட்டும் உமணர், நெய்தலின் உப்பை வண்டியிலேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றினர். மலைநாட்டு மீன்தொட்டிக்கும் கடல் உப்பாகவே வந்து சேர்கின்றது. ஆனால் அடுக்களை உப்பு இங்கே பயன்படாது. கடலிற் கரைந்துள்ள பொருளின் நிறையில் சோடியமும் குளோரைட்டும் ஏறக்குறைய 85 சதவீதம். மகனீசியம், சல்பேற்று, கல்சியம், பொற்றாசியம் முதலியன எஞ்சிய பங்கு. இவ்விகிதம் எப்பெருங்கடலிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதைச் சலஞ்சர் கப்பல் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளைக் கொண்டு டிற்மார் 1884 இல் நிறுவினார். செயற்கைக் கடலுப்பின் செய்முறை இவ்விகிதத்தின் மேல் எழுந்ததே. 60 லீற்றர் தொட்டிக்கு அவ்வுப்பில் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம் வேண்டும். குழாய்நீராயின் குளோரீன் அகல வேண்டும். உப்பிட்ட பின் ஒரு நாள் முழுதும் காற்றூட்டிச் சாரடர்த்தி 1.025 அளவில் நிற்பதை நீரமானியாற் பார்க்க வேண்டும்.

கொழும்பில் எழாத வேறு இரண்டு பிரச்சினைகள் இங்கு உள. ஒன்று குளிர். நம் கரையோரக் கடல் ஆண்டு முழுதும் 27, 28 பாகையை ஒட்டியது; மாத்தளைக் குன்றுகளின் மார்கழி, தை இரவுகள் அவ்வாறல்ல. சூடாக்கியில்லாத சிறு தொட்டி ஓரிரவில் பல பாகை இறங்கும். குளிர்ந்த மீனின் புண்ணும் மெல்லவே ஆறும், பசியும் மெல்லவே வரும். மற்றது மின்சாரம். 25 பாகையில் நன்னீர் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாக ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். கடல்நீரோ 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே வைத்திருக்கும். காற்றுப்பம்பி நின்றால் கடல்நீர்த் தொட்டி நன்னீர்த் தொட்டியை விட விரைவில் மூச்சடைக்கும். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் 13 மணிநேர மின்வெட்டு நிலவிய வேளையில் இவ்வுண்மையைத் தொட்டி வைத்திருந்தோர் கண்கூடாகக் கண்டனர். மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்று மருந்துகள் அனைத்திலும் பெறுமதி வாய்ந்தது என்பது எமது கருத்து.

இனிப் பராமரிப்பு. காயமுற்ற மீனைப் பெருந்தொட்டியில் விடாது தனித்தொட்டியில் வைத்தல் வேண்டும். பிற மீன்கள் சோர்ந்த மீனைத் துரத்தும். சேர்ஜன் இனத்தவை தம்மினத்தையே முதலிற் தாக்கும். தனித்தொட்டி அழகாக இருக்க வேண்டியதில்லை. மணலும் கல்லும் வேண்டா. ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் இரண்டு, மங்கிய ஒளி, மூன்று பக்கமும் ஒட்டிய கடதாசி, மெல்லக் குமிழும் காற்று ஆகியன போதும். ஒளிய இடமில்லாத மீன் ஓயாது அஞ்சும். அச்சத்தின்போது சுரக்கும் கோட்டிசோல், பசியை அடக்குகின்றது, நோயெதிர்ப்பைக் குறைக்கின்றது, புண் ஆறுவதைத் தாமதிக்கின்றது. கண்ணாடியைத் தட்டி மீனை ‘உற்சாகப்படுத்தும்’ விருந்தினரைத் தடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மீன் செவுள்வழி வெளிவிடும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுவன பற்றீரியா. புதுத் தொட்டியில் அவை நிலைகொள்ள நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அடிபட்ட மீனுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஆகவே பழைய தொட்டியில் பல கிழமைகள் கிடந்த பஞ்சு வடியொன்றைத் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும்; முன்யோசனையுள்ளவர் அத்தகைய பஞ்சொன்றை எப்பொழுதும் பெருந்தொட்டியின் பின்புறத்தில் வைத்திருப்பர். அத்தோடு அமோனியாவை நாள்தோறும் சோதித்து, அது தென்பட்டால், அதே வெப்பநிலையும் உப்புச் செறிவும் உடைய நீரால் மூன்றிலொரு பங்கை மாற்ற வேண்டும்.

ஒழுக்கின் சுமையைக் குறைக்க வழியொன்று உண்டு. தனித்தொட்டியின் உப்புச் செறிவை இரண்டு நாட்களில் 35 இலிருந்து 25 அளவுக்குப் படிப்படியாக இறக்கினால், குருதிக்கும் நீருக்கும் இடையிலான வேறுபாடு குறைகின்றது. உப்பை வெளியேற்றச் செலவாகும் சக்தியின் ஒரு பகுதி புண்ணுக்குக் கிடைக்கின்றது. என்புமீன்கள் இதனைத் தாங்கும். முருகை, இறால், முள்ளி முதலிய முதுகெலும்பிலிகள் தாங்கா. உயர்த்தும்போது இன்னும் மெதுவாக, ஒரு கிழமையளவில் உயர்த்த வேண்டும். இறங்குவதை விட ஏறுவதே மீனின் உடலுக்குக் கடினம்.

மருந்து பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். புண்ணின் விளிம்பு வெளிறி, நாளுக்கு நாள் சுருங்கிவரின் மருந்து தேவையில்லை. விளிம்பு சிவந்து பரவினாலோ, புண்மேல் பஞ்சுபோன்ற படலம் தோன்றினாலோ, மூச்சு விரைந்தாலோ மாத்திரமே நுண்ணுயிரெதிரியை எண்ணலாம். அதனையும் கால்நடை வைத்தியரின் ஆலோசனையோடு, தனித்தொட்டியில் மட்டும், அளந்து இட வேண்டும். அது வடியிலுள்ள பயன்தரும் பற்றீரியாவையும் அழிக்கக்கூடும். உடலெங்கும் உப்புமணி போன்ற வெண்புள்ளிகள் தோன்றின், அது காயத்தின் விளைவன்று. கிரிப்டோகரியன் என்னும் ஒட்டுண்ணி, சோர்ந்த உடலைக் கண்டு பெருகியது. அதற்குச் செம்புச் சிகிச்சை உண்டு. செம்பு முதுகெலும்பிலிகளுக்கு நஞ்சு என்பதாலும் சுண்ணக்கல் அதனை உறிஞ்சிக்கொள்ளும் என்பதாலும் பெருந்தொட்டியில் அதனை ஒருபோதும் இடலாகாது.

உணவே கடைசிப் பிரச்சினை, அதுவே பெரும் பிரச்சினையும். முதல் இரண்டு நாட்கள் மீனைத் தனியே விடலாம். அதன் பின்னும் அளவன்று, நேரமும் வகையுமே முக்கியம். ஒளி மங்கும் வேளையில் சிறிதளவு இட்டு, அரைமணி நேரத்தில் எஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். உண்ணாத மீனுக்கு இடும் உணவு அமோனியாவுக்கே உணவாகின்றது.

எதை இடுவது? கடலில் அம்மீன் எதனை, எவ்வாறு உண்டது என்று கேட்க வேண்டும். சேர்ஜன் மீன் பகல் முழுதும் கல்லிற் படர்ந்த பாசியை மேய்வது. மேலிருந்து விழும் குருணையை அது உணவென அறியாது. நண்பரின் மீன் ஒரு கிழமைக்கு மேல் எதையும் தொடவில்லை. உப்பும் எண்ணெயும் சேராத உலர்ந்த கடற்சாதாழைத் துண்டைச் சிறு கல்லிற் கட்டித் தரையில் வைத்தபோதும் அது முதலில் விலகியே சென்றது. பெருந்தொட்டியிற் கிடந்த, உண்மையாகவே பாசி படர்ந்த கல்லொன்றை உள்ளே வைத்த மறுநாள் அக்கல்லைக் கொத்தத் தொடங்கிற்று. அதன்பின் அதே கல்லிற் கட்டிய சாதாழையையும் கொத்திற்று. மீன் உணவைக் கண்ணாற் தொடர்தல், வாயிலெடுத்துத் துப்புதல், விழுங்குதல், பின்னர் கழிவு வெளியேறுதல் என்னும் படிகள் ஒவ்வொன்றும் முன்னேற்றமே. துப்பும் மீனைக் கண்டு மனஞ்சோர்ந்து உணவை மாற்றிவிடுவோர் பலர். துப்புதல் சுவைத்துப் பார்த்தலாகும்.

ஊனுண்ணும் இனங்களுக்கு அசையும் இரையே அழைப்பு. உப்பளங்களில் வாழும் ஆட்டீமியா என்னும் சிற்றிறாலின் உலர்முட்டைகளை, லீற்றருக்கு 25 முதல் 30 கிராம் உப்பிட்ட நீரில், 28 பாகையளவில் காற்றூட்டி வைத்தால் ஒரு நாளளவில் பொரிக்கும். மீனுக்கு ஆகாத அடுக்களை உப்பு இங்கே போதுமானது. பொரித்த குஞ்சுகளை உடனே இட வேண்டும். அவற்றின் ஊட்டம் மணிக்கணக்கிற் குறையும். அசையும் இரையை உண்ணத் தொடங்கிய மீனுக்கு, அதனோடு கலந்து, நறுக்கிய பச்சை இறால், கணவாய் என்பவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஓட்டைத் திறந்த மட்டியைத் தரையில் வைத்தால் கொத்தியுண்ணும் இனங்கள் பல நெருங்கும். மட்டியிலும் சிலவகை மீன்களிலும் உயிர்ச்சத்து பீ1 ஐச் சிதைக்கும் நொதியம் உண்டு. ஆகவே அவற்றையே என்றும் கொடுக்கலாகாது. கடல்மீன்கள் தமக்கு வேண்டிய நீள்சங்கிலிக் கொழுப்பமிலங்களைப் போதியளவு தாமே ஆக்கவல்லன அல்ல. கடலுணவிலிருந்தே பெற வேண்டும். உள்ளிச்சாறு பசியைத் தூண்டும் என்ற நம்பிக்கை தொட்டி வளர்ப்போரிடையே வலுவாக உள்ளது. அதற்கான சான்று வலுவானதன்று. முதுகுத்தசை மெலிந்து தலை பெரிதாகத் தோன்றும் நிலைக்கு மீன் வந்துவிட்டால், வீட்டு முயற்சிகள் பெரும்பாலும் பிந்தியவையே.

சில இனங்கள் எத்துணை பேணினும் உண்ணா. வண்ணத்துப்பூச்சி மீன்களில் கேட்டொடொன் திரிபாசியாலிஸ் போன்றன உயிருள்ள முருகையையே உண்பவை. துப்புரவாளி மீனெனப்படும் லப்ரொயிடிஸ், பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளை உண்டு வாழ்வது; நான்கு மீன்கள் மட்டுமுள்ள தொட்டி அதற்குப் பஞ்சப் பிரதேசம். இத்தகைய மீனின் பட்டினிக்கு மருந்தோ பொறுமையோ தீர்வாகாது, வாங்காதிருப்பதே தீர்வு. 1998 இல் கடல் வெப்பமுற்று இலங்கையின் பார்கள் வெளிறியபோது, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும் பாரிலும் முருகை பேரளவில் மடிந்தது. முருகையுண்ணும் மீன் கடலிலேயே உணவிழந்தது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ் 1998 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் சில இனங்களின் ஏற்றுமதியைத் தடைசெய்தன, வேறு சிலவற்றைக் கட்டுப்படுத்தின. பட்டியல் அவசியமானதே. ஆனால் மீனைப் பட்டியலிடும் விதி, எத்தனை மீற்றர் ஆழத்தில் எத்தனை நிமிடம் நின்று மேலேற வேண்டும் என்பதற்குரிய கூலியைச் சுழியோடிக்கு வழங்குவதில்லை. அக்கூலி வழங்கப்படாத வரை, மீன் விரைந்தே மேலேற்றப்படும். புண்ணும் பட்டினியும் கடைக்காரரின் கண்ணாடிக்குப் பின்னாலேயே நமக்குத் தெரியவரும்.

தேறிய மீனைப் பெருந்தொட்டிக்கு மாற்றுவதில் அவசரம் கூடாது. புண் முற்றும் மூடி, இரண்டு கிழமைகளாயினும் தடையின்றி உண்டு, உப்புச் செறிவு பழைய நிலைக்கு உயர்ந்த பின்னரே மாற்றலாம். மாற்றும் நாளில் பெருந்தொட்டியின் கற்களை இடம்மாற்றி வைத்தல் பயனுடையது. முன்பிருந்த மீன்கள் தத்தம் எல்லைகளை இழந்து, புதிதாக வந்ததோடு தாமும் இடம் தேட வேண்டியிருக்கும். மீனை வலையால் அள்ளாது, வாய் அகன்ற பிளாஸ்டிக் பாத்திரத்தில் நீரோடு முகந்து, விளக்கணைத்த பின் விட வேண்டும். சேர்ஜன் இனமாயின், பழக்கமான அதே பாசிக்கல்லையும் உடன் வைக்கலாம். மறுநாட் காலை விளக்கேற்றுவதற்கு முன்னரே அதில் புதிய சாதாழைத் துண்டொன்றைக் கட்டிவிடுதல் நன்று.